மூணு கோட்டு முட்டை

சித்த அந்தப் பக்கமா நகந்து உக்காருங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. மடியில இருக்கறது முட்டைங்க. ஒரு அட்டை, முப்பது முட்டை. துண்டைப் போட்டு மூடியிருக்கறதுனால வெளிய தெரியல. உங்க முழங்கை பட்டுதுன்னா அவ்வளவுதான். மேல கம்பியில வைக்கறதா? ஐயோ, வேண்டாமுங்க. வேலகவுண்டம்பட்டியில எறங்கற வரைக்கும் இப்படியே மடியில வெச்சுக்கிட்டுத்தான் போகோணும்.

விக்கறதுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. நாமக்கல்லுல இருந்து வேலகவுண்டம்பட்டிக்கு ஆராவது முட்டை கொண்டு போயி விப்பாங்களா? ஒருத்தங்ககிட்டக் காட்டோணும். பாவாயின்னு ஒரு அம்மா. எங்க முட்டைக் கொட்டாயில பதினாறு வருசம் வேலை பாத்தவங்க. ஆடி மாசம் நான்தான் அவங்களை வெளிய அனுப்புனேன். இப்பக் கார்த்திகை, நானே கூப்புடப் போறேன். என் நேரத்தைப் பாருங்க.

அந்தம்மா திங்கக்கிழமை கொட்டாயில வந்து உக்காரலைன்னா என் வேலை போச்சு. மொதலாளி வாயால சொல்லிட்டாரு. எனக்கு அம்பத்திமூணு வயசு. இனி எவன் கூப்புட்டு வேலை குடுப்பான்?

எம் பேரு கைலாசம். எங்க மொதலாளி சென்னியப்பன் ஐயாவுக்கு மூணு கோழிப்பண்ணை. மூணு பண்ணை முட்டையும் மெயின் ரோட்டு மேல இருக்கற கொட்டாய்க்கு வரும். அங்க ஒம்பது பொம்பளைங்க உக்காந்து பாத்துப் பாத்து அடுக்குவாங்க. சாயங்காலம் லாரி ஏத்தி பாலக்காட்டுக்கு அனுப்புவோம். கொட்டாய்க்கு நான் மேனேஜர், பதினோரு வருசமா. ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க என்மேல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்கப்பன் சொல்லிச் சொல்லி வளத்த உடம்பு இது.

போன மாசி மாசம் மொதலாளி என்னைக் கோயமுத்தூருக்கு ஒரு வகுப்புக்கு அனுப்புனாரு. ரெண்டு நாளு, பெரிய ஓட்டல்லு. ஒரு பொருள் கிளம்புற எடத்துல இருந்து போய்ச் சேர்ற எடம் வரைக்கும் ஒவ்வொரு கைமாத்துக்கும் எவ்வளவு செலவாகுது, எவ்வளவு வீணாகுது, அதைத் தனித்தனியா எழுதிப் பாக்கோணும். எங்க அதிகமா வீணாகுதோ அங்க கையை வைக்கோணும். அவ்வளவுதானுங்க படிப்பு. பாடம் நடத்துனவரு சின்னப் பையன், கழுத்துல டை. நான் கடைசி வரிசையில உக்காந்து அத்தனையும் எழுதிக்கிட்டேன். இத்தனை வருசம் குருடனாட்டம் இருந்திருக்கறோமேன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

வந்ததும் மொதல்ல தீவனத்துல கையை வெச்சேன். கோழித் தீவனத்துல கடல் கிளிஞ்சலை ஒடைச்சுக் கலப்போமுங்க. தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரி லாரியா வரும். யோசிச்சுப் பாருங்க, கல்லாட்டம் ஒரு சாமானை அத்தனை தூரத்துல இருந்து வாடகை குடுத்து வரவழைச்சு, கோழிக்குப் போட்டு, பாதியை அது சீய்ச்சு எறைச்சுட்டுப் போகுது! சரி பாதியாக் குறைச்சேன். எடுத்த எடுப்புல எல்லாப் பண்ணையிலும் இல்லீங்க, நான் அவசரக்காரன் இல்ல. மூணாம் பண்ணையில மட்டும் சித்திரை மாசம் சோதனை. கோழி செத்துதா? இல்ல. முட்டை குறைஞ்சுதா? ஒண்ணு குறையல. மொதலாளி என் தோளைத் தட்டுனாரு. பதினோரு வருசத்துல அவரு என்னைத் தொட்டது அன்னைக்குத்தான்.

அப்பறம் முட்டை போற வழி. வைகாசியில ஒரு வாரம் நானே முட்டை கூடவே போனேனுங்க. பண்ணையில நின்னேன், கொட்டாயில நின்னேன், லாரியில ஏறி வாளையார் தாண்டிப் பாலக்காடு வரைக்கும் போயி எறக்கறதையும் நின்னு பாத்தேன். ஒவ்வொரு எடத்துலயும் உடைசல் எத்தனைன்னு நோட்டுல எழுதுனேன். பண்ணையில ஒண்ணுகூட இல்லீங்க. சுத்தம். அவங்க பொறுக்கி அட்டையில வெச்சு அனுப்பிருவாங்க, அங்க உடைசலே கிடையாது. ரோட்டுல ஆயிரத்துக்கு ரெண்டு. எறக்கறப்ப ஆயிரத்துக்கு ஒண்ணு. கொட்டாயில எத்தனைன்னு நெனைக்கறீங்க? ஆயிரத்துக்கு முப்பத்தொண்ணு!

எனக்குத் தலை சுத்திருச்சு. மேல கூரை, கீழ சிமெண்டுத் தரை, காத்து இல்ல, குலுக்கல் இல்ல, பொம்பளைங்க உக்காந்த எடத்துல உக்காந்து வேலை பாக்கறாங்க. அங்க போயி முப்பத்தொண்ணு உடையுதுன்னா என்ன அர்த்தம்?

எனக்கு அர்த்தம் தெரிஞ்சு போச்சுங்க. கீறல் கூடை.

உங்களுக்கு அது தெரியாதில்ல, சொல்றேன். மொதலாளியோட அப்பா காலத்துல இருந்து கொட்டாயில ஒரு வழக்கம். பொம்பளைங்க முட்டையை ரெண்டு ரெண்டா எடுத்து, காதுகிட்டக் கொண்டு போயி, ஒண்ணோட ஒண்ணு மெல்லத் தட்டுவாங்க. நல்ல முட்டைன்னா கணீர்னு கேக்குமாமா. மயிரிழை கீறல் இருந்தாலும் சத்தம் செத்துப் போயிருமாமா. எனக்குக் கேக்காதுங்க. பதினோரு வருசமா எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் கேக்குது. கீறல் முட்டையை ஒரு கூடையில போடுவாங்க. சாயங்காலம் அந்தக் கூடை அவங்களுக்கு. ஒம்பது பேரும் பங்கு பிரிச்சு வீட்டுக்குக் கொண்டு போவாங்க. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கொட்டாயிலயே பொரியல். பாவாயிக்கா கை அது, மொளகைத் தட்டிப் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு... நானும்தான் சாப்புட்டேன். பொய் சொல்ல மாட்டேன். பதினோரு வருசம் சனிக்கிழமை எனக்கு வீட்டுச் சோறு எறங்காது.

ஆனா தம்பி, வகுப்புக்குப் போய் வந்த பொறவு பாத்தா அது பொரியலாத் தெரியலைங்க, நட்டமாத் தெரியுது. உடைஞ்ச முட்டை உனக்குன்னு சொன்னா எவதான் உடைக்க மாட்டா? அதுலயும் ஒண்ணு கவனிச்சேன். முன்னாடியெல்லாம் கூடை அரைதான் நெறையும். இந்த வருசம் வைகாசியில நெறைஞ்சு வழியுது. கண்ணு முன்னாடி வழியுதுங்க! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆனி மொத தேதி கீறல் கூடையை நிறுத்துனேன். உடைசல் எல்லாம் எண்ணி ஆபீசுல ஒப்படைக்கோணும், பேக்கரிக்காரனுக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டேன். ஒம்பது பேரு எதுக்கு, அஞ்சு பேரு போதும்னு நாலு பேரை நிறுத்துனேன். தட்டித் தட்டிப் பாத்துட்டு இருந்தா நேரம் வீண், கண்ணுல பாத்து அடுக்குங்க போதும்னுட்டேன்.

பாவாயிக்கா மட்டும் எந்திரிச்சு வந்தாங்க. தலைத்துண்டை அவுத்துக் கையில வெச்சுக்கிட்டு, "மேனேஜர் சார், முட்டை இங்க உடையலைங்க. இங்க தெரியுதுங்க"ன்னாங்க.

பாத்தீங்களா பேச்சை? உடையலையாம், தெரியுதாம். நான் ரெண்டு நாள் கோயமுத்தூர்ல உக்காந்து படிச்சுட்டு வந்திருக்கறேன், கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளை எனக்குப் பாடம் எடுக்குது. "போயி வேலையைப் பாருங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், வேறொண்ணும் சொல்லல.

பத்தே நாளுங்க. கொட்டாயில உடைசல் ஆயிரத்துக்கு நாலு! முப்பத்தொண்ணு எங்க, நாலு எங்க! நானே ரெண்டு தடவை எண்ணிப் பாத்தேன். பேக்கரிக்காரன் வந்து, "என்னங்க கைலாசம், குடுக்கறேன்னீங்க, கூடையில ஒண்ணையும் காணோமே"ன்னு சிரிச்சான். எனக்குப் பெருமை தாங்கல. பாத்துக்குங்க, பங்கு இல்லைன்னு சொன்னதும் உடைக்கறதை நிறுத்திட்டாங்க. நெனைச்சது சரியாப் போச்சு.

ஆடியில அந்தச் சமாசாரம் நடந்துச்சு. அதைச் சொல்றதுக்கு எனக்கே பிடிக்கலைங்க. ஆனா சொல்றேன், எப்படியும் அங்க போயிப் பேசியாகோணும்.

பாவாயிக்கா தூக்குப்போசியில முட்டை கொண்டு போறாங்கன்னு வாட்ச்மேன் சொன்னான். சாயங்காலம் கேட்டுல நின்னேன். பத்துப் பதினஞ்சு பேரு இருந்தாங்க, லாரிக்காரங்க, பண்ணை ஆளுங்க. "ஏம்மா பாவாயி, போசியைத் தொற"ன்னேன். அதுவரைக்கும் அக்கான்னுதான் கூப்புடுவேன், அன்னைக்கு வாயில அப்படி வந்துருச்சு. தொறந்தாங்க. நாலு முட்டை. அத்தனையும் கீறல் முட்டை. முட்டை மேல பென்சிலால கோடு போட்டிருந்துச்சு. ஒண்ணுல ஒரு கோடு, மூணு முட்டையில மூணு கோடு. பண்ணையில இருந்து வர்ற அட்டையில நாங்க அப்படித்தான் சாக்பீசுல போடுவோம், ஒண்ணாம் பண்ணைக்கு ஒரு கோடு, மூணாம் பண்ணைக்கு மூணு கோடு. முட்டைக்கு முட்டை எதுக்குப் போட்டு வெச்சாங்களோ, ஆரு கண்டா.

"உங்களுக்குக் காட்டத்தான் சார் எடுத்து வெச்சேன்"னாங்க. காட்டறதுன்னா ஆபீசுக்கு வந்து காட்ட வேண்டியதுதானே? கேட்டேன். "ரெண்டு வாட்டி வந்தேனுங்க"ன்னாங்க. வந்தாங்களாமா. நான் கம்ப்யூட்டர்ல இருந்திருப்பேன், அப்பறம் வாங்கன்னு சொல்லியிருப்பேன். அதுக்காகத் தூக்குப்போசியிலயா எடுத்துட்டுப் போறது?

நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டேன்.

தலைத்துண்டை ஒதறி, நாலா மடிச்சு, இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டாங்க. அழுதிருந்தாக்கூடத் தேவலையா இருந்திருக்கும். திட்டியிருந்தாலும் தேவலை. போசியைக்கூட எடுக்கல. அது இன்னும் எங்க ஆபீசு ஜன்னல்லதான் இருக்குது. எடுத்துப் போடறதுக்கு ஆருக்கும் மனசு வரல.

அந்த நாலு முட்டையுங்களா? வீணாக்கக் கூடாதுன்னு நான்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன். எங்கூட்டுக்காரி உடைச்சு ஊத்திக்கிட்டே, "என்னங்க இது, ஓடு காயிதமாட்டம் இருக்குது"ன்னா. சாப்பாட்டுல குத்தம் கண்டுபிடிக்காதேன்னு வாயை அடக்குனேன். அவளும் என்கிட்டப் பேச்சைக் குறைச்சுக்கிட்டா தம்பி. வீட்டுலயும் நான் எழுதிப் பாத்தேனில்ல, குக்கர் மூணாவது விசில் வீண்னு சொல்லி ரெண்டாக் குறைச்சேன். பருப்பு வேகலை. அதுக்கும் பருப்பைத்தான் குத்தம் சொன்னேனாம், அவ சொல்றா.

சரி, அதை விடுங்க. பாவாயிக்கா போன பொறவு கிளிஞ்சல் சோதனையை மூணு பண்ணைக்கும் கொண்டு வந்தேன். ஆயுத பூசையன்னைக்கு மொதலாளி எல்லார் முன்னாலயும் எனக்கு மாலை போட்டு, ஷீல்டு குடுத்து, உருட்டு நாற்காலி ஒண்ணும் வாங்கிக் குடுத்தாரு. நாற்காலியில உக்காந்து ஒரு சுத்து சுத்துனேன், எல்லாரும் கை தட்டுனாங்க. கொட்டாயில மிச்சமிருந்த நாலு பொம்பளைங்க மட்டும் பொரியைக் கையில வெச்சுக்கிட்டுத் தரையைப் பாத்துட்டு நின்னாங்க.

மறு வாரம் பாலக்காட்டுல முட்டை எடுக்கற யாவாரிகிட்ட இருந்து போன். ஆவணியிலயே ரெண்டு மூணு தடவை மொணமொணத்தாங்க, மழை ரோடு, அப்படித்தான் இருக்கும்னு சமாளிச்சேன். இந்தத் தடவை அந்தாளு கத்தறாரு. அட்டைக்கு அட்டை ஒழுகுதாம். மேல ஒரு முட்டை உடைஞ்சா கீழ பத்து அட்டை நாறிப் போகுதாம். ஈ மொய்க்குதாம். பாதி லோடைத் திருப்பி அனுப்பிட்டாரு. குதிரை கீழ தள்ளுனதும் பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாமா, திரும்பி வந்த வாடகையும் நம்ம தலையில.

நானும் எழுதிப் பாத்தேனுங்க, எழுதாம விடுவனா? கீறல் முட்டையைக் கொட்டாயிலயே எடுத்துட்டா ஒரு முட்டைதான் நட்டம். அதே முட்டை பாலக்காடு போயி உடைஞ்சா அந்த முட்டை, அதுக்கு அட்டை, ஏத்துகூலி, டீசல், எறக்குகூலி, கீழ இருக்கற பத்து அட்டை, நம்ம பேரு, எல்லாம் போகுது. கெட்ட முட்டைக்கும் டீசல் ஒண்ணுதானே? நல்லாத் தெரியுது எனக்கு. எங்க உடையுதுன்னுதான் பிடிபடல. கொட்டாயில நாலுதான், தாள்ல இருக்குது. பண்ணையில ஒண்ணுமே இல்ல. அப்ப மிச்சம் என்ன? ரோடுதானே?

டிரைவர் செங்கோடனைப் பிடிச்சேன். இருவது வருசமா ஓட்டறவன். நீ பள்ளத்துல எறக்கறே, ஸ்பீடு பிரேக்கர்ல குதிக்கறேன்னு சத்தம் போட்டேன். அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? அடுத்த லோடுக்கு ஒரு டம்ளர்ல தண்ணி ரொப்பி ஸ்டீயரிங் முன்னால வெச்சுக்கிட்டான். பாலக்காடு போய்ச் சேந்து அந்தாளுகிட்டவே போன் போட்டுக் குடுக்கறான். "டம்ளர்ல முக்காலே மூணு வீசம் தண்ணி இருக்குது, நான் கண்ணால பாத்தேன். ஆனா முட்டை ஒழுகுது"ங்கறாரு. நான் சொன்னேன், வழியில நிறுத்தி ரொப்பியிருப்பான்னு. செங்கோடனை லோடுல இருந்து எடுத்துட்டு வேற ஆளைப் போட்டேன். அவன் போனப்பவும் ஒழுகிச்சு.

அட்டைக்காரனை மாத்துனேன், ஒழுகிச்சு. அடுக்கறதை மாத்துனேன், ஒழுகிச்சு. எனக்கு ஓஞ்சு போச்சுங்க. காலையில எந்திரிச்சா போன் அடிக்குமேன்னு பயம். ஐப்பசி பூராவும் அந்த உருட்டு நாற்காலியில உக்காந்து பாலக்காட்டுக்காரரு திட்டறதைக் கேட்டுட்டு இருந்தேன், வேற என்ன வேலை?

போன வாரம் அந்தாளு மொதலாளிக்கே பேசிட்டாரு. முன்னாடி உங்க கொட்டாயில ஆரு முட்டை பாத்தாங்களோ அவங்களே பாக்கட்டும், இல்லைன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்னு. மொதலாளி என்னைக் கூப்புட்டு, "திங்கக்கிழமை பாவாயி கொட்டாயில உக்காரோணும். இல்லீன்னா அந்த நாற்காலியில நீ உக்கார வேண்டாம்"னாரு. தோளைத் தட்டுன அதே கையை நீட்டித்தான் சொன்னாரு.

பாவாயிக்கா இப்ப மக வீட்டுல இருக்காங்க, வேலகவுண்டம்பட்டியில. செங்கோடனுக்கும் அதே ஊரு. அவன் காலுல விழாத குறையாச் சொல்லி, போயிக் கேட்டுட்டு வாப்பான்னேன். கேட்டுட்டு வந்து சொல்றான்: "வர்றேன்னு சொல்லுச்சுங்க. நிறுத்துன நாலு பேரும் வரோணுமாம், கீறல் கூடையும் வரோணுமாம். அதை விட ஒண்ணு, அந்த மூணு கோட்டுக்கு என்ன அர்த்தம்னு மேனேஜர் வந்து அவரு வாயால சொல்லோணுமாம்."

அவ்வளவுதானாமா. மன்னிப்புக்கூடக் கேக்க வேண்டாமாமா.

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. என்ன அர்த்தம் இருக்குது அதுல? மூணாம் பண்ணை முட்டை கீறி வருதுன்னு அந்தம்மா சொல்றாங்க, அதானே? என் சோதனைப் பண்ணைமேல பழி! அதனாலதான் காலையில நேரா மூணாம் பண்ணைக்குப் போனேன். நானே என் கையால முப்பது முட்டை பொறுக்குனேன். ஒவ்வொண்ணா வெயிலுக்குத் தூக்கிப் புடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கீறல் இல்லீங்க. அட்டையில பாருங்க, மூணு கோடு போட்டிருக்குதா? இதைக் கொண்டு போயி அந்தம்மா முன்னால வெச்சு, தட்டிப் பாருங்க அக்கா, ஒண்ணு செத்த சத்தம் குடுத்தாலும் நான் வேலையை விட்டுப் போயிடறேன்னு சொல்லப் போறேன். சும்மா போயி நிக்கறதுக்கு நான் ஒண்ணும்...

என்னுங்க? என்ன ஈரம்?

அடக் கடவுளே. உங்க பேண்ட்டுலயா? எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க, துண்டைத் தூக்கறேன் இருங்க. ஒண்ணு. இந்தா இங்க ஒண்ணு. ரெண்டு. ரெண்டுதான். பஸ்ஸு குலுக்குச்சில்ல, அதான். அந்தப் பாலத்துகிட்ட ஒரு தூக்குத் தூக்குனான் பாருங்க, அதுல உடைஞ்சிருக்குது. நீங்களும்தானே பாத்தீங்க? ஏறுறப்ப நல்லா இருந்துச்சு. ஏனுங்க கண்டக்டர், வண்டியை இப்படியா ஓட்டறது? மடியில முட்டை இருக்குதுங்க!

கேட்டீங்களா அந்தாளு பேசறதை? முன் சீட்டுல கைக்கொழந்தை நாமக்கல்லுல இருந்து கண்ணு முழிக்காமத் தூங்குதாமா. வேண்ணா வந்து பாக்கச் சொல்றாரு. கொழந்தைன்னா தூங்கத்தான் செய்யும். அதுக்கும் இதுக்கும் என்ன...

தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. உங்களுது நல்ல காது, சின்ன வயசு. இந்த மிச்சத்தை ரெண்டு ரெண்டா எடுத்து மெல்லத் தட்டிப் பாருங்க. அழுத்த வேண்டாம், காதுகிட்ட வெச்சு, ஆங், அப்படித்தான். கணீர்னு கேக்குதா? நல்லது. அடுத்தது. என்ன மூஞ்சி சுருங்குது? மறுபடியும் தட்டுங்க. எனக்கு ஒண்ணாத்தானுங்க கேக்குது. அதைத் தனியா வைங்க. அதுவுமா? அந்த ஓரத்துல இருக்கறது? எத்தனை வெச்சீங்க? ஏழா?

உடைஞ்ச ரெண்டோட ஒம்பது. முப்பதுக்கு ஒம்பது.

நான் காலையில வெயில்ல புடிச்சுப் பாத்தேனுங்க. சத்தியமாப் பாத்தேன். ஒண்ணும் தெரியல.

நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா? எங்கூட எறங்கி வந்து, பஸ்ஸுலதான் உடைஞ்சுதுன்னு, ஒரே ஒரு வார்த்தை. அடுத்த பஸ்ஸு பத்து நிமிசத்துல வரும். ஏன் அப்படிப் பாக்கறீங்க? செங்கோடனும் இப்படித்தான் பாத்தான், அந்த டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு. வழியில தண்ணி ரொப்பியிருப்பான்னு சொன்னேனே அவனை. இருவது வருச டிரைவரை.

வேண்டாம் விடுங்க. நீங்க வர வேண்டாம்.

ஊரு வந்துருச்சு போல. எந்திரிக்கறதுக்கு முன்னால ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன், சரியா வருதான்னு கேளுங்க. அக்கா, மூணு கோடுன்னா மூணாம் பண்ணை. மூணாம் பண்ணைன்னா கிளிஞ்சல். கிளிஞ்சல் குறைஞ்சா ஓடு காயிதம். கிளிஞ்சல்னா...

கிளிஞ்சல்னா நான்தானுங்க. வேற ஆரு. நாலு பக்கம் எழுதுனேன், இந்த ஒரு வரி எங்கயும் வரல பாருங்க. தூக்குப்போசியில வெச்சுக்கிட்டு ரெண்டு வாட்டி கதவுகிட்ட வந்து நின்னிருக்காங்க. நான் அப்பறம் வாங்கன்னேன்.

கண்டக்டர், சித்த மெல்ல நிறுத்துங்க, ஆள் எறங்கோணும். அந்தக் கீறல் ஏழையும் அட்டையிலயே வைங்க தம்பி. ஆமா, உடைஞ்சதையும்தான். அத்தனையும் கொண்டு போறேன், அந்தம்மா பாக்கட்டும். உங்க பேண்ட்டைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. வீட்டுக்குப் போனதும் பச்சத்தண்ணியில அலசுங்க. சுடுதண்ணி ஊத்திராதீங்க, முட்டை வெந்து துணியோட ஒட்டிக்கும். பாவாயிக்கா சொல்லிக் குடுத்ததுங்க அது.